வலது பக்க விளக்கு

அன்று ஷெட்டில் இருந்தவர்கள்:

சாகிர் பாய், முதலாளி. கீழக்கரைக்காரர்.

சோலையப்பன், பாலிஷ் வேலை. காளையார்கோவில் பக்கம். அறையில் எனக்கு மேல் கட்டில்.

குல்ஷேர், பெயிண்டர். பெஷாவர்க்காரன். நடந்த விஷயத்தில் அவனுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

நான், சேதுபதி. சோலையப்பன் பார்க்கும் அதே வேலை.

ஹாலிதா டீச்சரின் வெள்ளைக் கார். டீச்சர் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தார்.

என் மனைவி கனகா அங்கே இல்லை. ஆனால் என்னைப் பொறுத்தவரை அன்று நடந்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

எங்கள் ஷெட் துபாய் பக்கம் அஜ்மான் சனாயாவில், அதாவது தொழிற்பேட்டையில், இருக்கிறது. தகரக் கூரை, ஒரு ஷட்டர், உள்ளே நான்கு வண்டி நிற்கும். இந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி முல்கியாவை, வண்டிப் பதிவு அட்டையை, புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பாஸிங் என்று பெயர். ஹெட்லைட் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவான். இங்கே அடிக்கிற வெயிலில் எந்த ஹெட்லைட்டும் நாலைந்து வருஷத்தில் காமாலைக் கண் மாதிரி ஆகிவிடும். அந்தக் கண்களைத் தேய்த்துத் தெளிய வைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

தேய்ப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, முரட்டுத் தாளிலிருந்து மெல்லிய தாளுக்கு வந்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயிலைத் தடுக்கும் கோட்டிங் கொடுப்பது. அரை நாள் போகும். இரண்டாவது, ஆவி. ஒரு ஸ்டீல் குவளையில் மருந்தை ஊற்றிச் சூடாக்கினால் குவளையின் மூக்கு வழியாகப் புகை வரும். லேசாகத் தேய்த்த விளக்கின் மேல் அதைக் காட்டினால் மேல்தோல் உருகி, கண் முன்னாலேயே கண்ணாடி போல ஆகிவிடும். பார்க்கிறவன் வாயைப் பிளப்பான். சில மாதத்தில் உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடும். அதற்குள் பாஸிங் முடிந்திருக்கும். ஆவிக் குவளை எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. யார் முதலில் எடுக்கிறானோ அவனுக்கு.

நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் செக்யூரிட்டி. சாயங்காலம் போனால் விடிந்துதான் பஸ். வெள்ளிக்கிழமை விடுமுறையும் கிடையாது. கனகா அஜ்மானில் ஒரு அரபி வீட்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வெளியே வர அனுமதி வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும். நான் தூங்கும் நேரத்தில் அவள் விழித்திருந்தாள், அவளுக்கு விடுமுறை என்றால் எனக்கு டூட்டி. இரண்டு பேரும் ஒரே நாட்டில் இருந்துகொண்டு போனில்தான் குடும்பம் நடத்தினோம். ஒரு நாள் விடியற்காலையில் டார்ச்சையும் சட்டையையும் சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாகிர் பாய்தான் விசா மாற்றிக் கொடுத்தார். பாதியில் விட்டு ஓடியவன் என்று பேர் இருப்பதால் வேறு யாரும் எடுக்கத் தயாராக இல்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகள் எங்களுக்குக் கிடைத்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் இருந்தால் அதைக் கேட்டுக் கேட்டே சாகடிப்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அதற்காகவும் இங்கே இருந்தோம்.

அன்று காலை கரக் சாயா வந்த நேரத்தில் சாகிர் பாய் என்னையும் சோலையப்பனையும் கூப்பிட்டார்.

"இந்தா பாருங்க தம்பிகளா. கஃபீல் போன் பண்ணிட்டான். அவன் வீட்டு டிரைவருக்கு ஒரு விசா வேணுமாம். லைசென்ஸு அவன் பேர்ல இருக்கு. நான் என்ன செய்ய?"

கஃபீல் என்றால் எங்கள் விசாவைக் கையில் வைத்திருக்கும் அரபி; ஒருவனுடையதை ரத்து செய்தால்தான் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியும். குல்ஷேர் தூரத்தில் ஒரு பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பெயிண்டரை அனுப்பினா கடையை மூட வேண்டியதுதான். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும். யாருன்னு நான் சொன்னா, ஊருல உங்க வீட்டு ஆளுக என்னை ஏசுவாக. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"அப்ப யாரு பாய் சொல்லுவா?" என்றான் சோலையப்பன்.

பாய் வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். "டீச்சரம்மா வண்டி. ரெண்டு லைட்டு. ஆளுக்கு ஒண்ணு செய்யுங்க. அசருக்கு மேல அவங்க வருவாங்க. எது நல்லா இருக்குன்னு நான் கேப்பேன். மத்தவர் ஊருக்குப் போகணும். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவங்க வாயால வர்றதுதான் நியாயம். அல்லா பொதுவா இருக்கான். கலாஸ், முடிஞ்சுது."

தன் கை அழுக்காகாமல் ஒருவனை அனுப்ப அவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருஷ வியாபாரம். நியாயம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டு குல்ஷேர் சிரித்தான். "ஏக் காடி, தோ பாகல்." ஒரு வண்டிக்கு இரண்டு பைத்தியம். அதற்குப் பிறகு அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சோலையப்பன் டீயை முடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "நீ புதுசு மாப்ள. நீயே எடு. எந்த லைட்டு வேணும்?"

அவன் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தால் வாச்மேன்.

காரை உள்ளே எடுத்து நிறுத்திவிட்டு, அதன் முன்னால் குந்திப் பார்த்தேன். இடது விளக்கு மோசம். பழுப்பு ஏறி, மேலே சொரசொரவென்று, உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை. வலது விளக்கு லேசான மஞ்சள்தான். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மங்கல். அதைத் தேய்த்தால் ஒரு மணி நேரத்தில் புதுசு. யோசிக்க என்ன இருக்கிறது?

"ரைட்டு."

"எடுத்துக்க. அப்ப குவளை எனக்கு."

"குவளையும் எனக்குன்னா?"

"ஏன்டா, நல்ல லைட்டும் உனக்கு, குவளையும் உனக்கா? பொண்ணும் வேணும், பொண்ணோட தங்கச்சியும் வேணும்கிற கதையா இருக்கே."

சரி என்றேன். வலதுக்கு ஆவி தேவையே இல்லை என்று நினைத்தேன். விளக்கைச் சுற்றி பெயிண்டில் படாமல் டேப் ஒட்டினேன். தண்ணீர் ஊற்றி முதல் தாளை வைத்துத் தேய்த்தேன்.

ஹெட்லைட்டைத் தேய்த்தால் மஞ்சள் பால் மாதிரி வழியும். அதுதான் கெட்டுப்போன பிளாஸ்டிக். எனக்கு அப்படி வழியவில்லை. வெள்ளையாக, தோல் தோலாக உரிந்து வந்தது. வெயிலில் கருகிய முதுகில் உரிகிற மாதிரி. விரலால் பிடித்து இழுத்தேன். ஒரு துண்டு நீளமாக வந்தது.

வார்னிஷ். யாரோ ஏற்கெனவே விளக்கின் மேல் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

இந்த வேலையை நாங்களே வாரம் இரண்டு தடவையாவது செய்கிறோம். மிக மோசமான விளக்கு வந்து, பாஸிங்குக்கு நேரம் இல்லை என்றால், மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு பெயிண்டர் கையில் இருக்கும் வார்னிஷை ஒரு அடி அடிப்போம். வெடிப்பு, கீறல் எல்லாம் வார்னிஷுக்குள் மறைந்துபோகும். தளதளவென்று நிற்கும். ஒரு வண்டியில் ஒரு விளக்கு மட்டும் நல்லதாக இருந்தால், அது நல்ல விளக்கு இல்லை, வார்னிஷ் அடித்த விளக்கு என்று எனக்குத் தெரியும். கஸ்டமர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று எடுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

சோலையப்பன் இடது பக்கம் உட்கார்ந்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு மஞ்சள் பால் வழிந்தது. நல்ல அறிகுறி. அடியில் சுத்தமான பிளாஸ்டிக்.

"டேய், இதுல வார்னிஷ் இருக்குடா," என்றேன்.

"தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"போன வருஷம் நான்தான அடிச்சேன். அப்ப நீ ஜெபல் அலியில டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்த." அவன் தலையைத் தூக்கவில்லை. "டீச்சர் வண்டி ரைட்டு பெயிலாயி வந்துச்சு. ஆவி காட்டுனேன். சூடு ஜாஸ்தியாயி மறுநாளே வெடிச்சிருச்சு. மேல ரெண்டு கோட்டு வார்னிஷ் போட்டு அனுப்புனேன்."

"அப்ப என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நீ கேட்டியா? நானா திணிச்சேன்? எடுத்துக்கன்னேன், எடுத்துக்கிட்ட."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதே நிதானத்தோடு.

மத்தியானம் சாப்பிடவில்லை. வார்னிஷ் முழுவதையும் எடுத்தேன். விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருந்த இடங்களை முரட்டுத் தாளால் பிறாண்டினேன். ஷெட்டுக்குள் காற்று அசையவில்லை. வியர்வை சொட்டி விளக்கின் மேல் விழுந்து தண்ணீரோடு கலந்தது. வார்னிஷ் போன பிறகு தாள் தாளாக மாற்றித் தேய்த்தேன். மேல்பரப்பு கண்ணாடி போல வழவழவென்று வந்தது. துணியால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன்.

வெடிப்பு அப்படியே இருந்தது. சிலந்தி கட்டியது போல, பிளாஸ்டிக்கின் உள்ளே. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அதை எட்ட முடியாது. எட்டும் வரை தேய்த்தால் விளக்கே ஓட்டையாகிவிடும்.

அந்த நேரத்தில் சோலையப்பன் குவளையை பிளக்கில் மாட்டினான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டான். இனிப்பு வாடை ஷெட் முழுவதும் பரவியது. குல்ஷேர் திட்டிக்கொண்டே வெளியே போனான். புகை பட்ட இடமெல்லாம் இடது விளக்கு தெளிந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு. வெள்ளையாகக் கிடந்த பிளாஸ்டிக் ஈரம் பட்டது போலப் பளபளத்து, அப்படியே இறுகியது. பல்பு தெரிந்தது. பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளிக் கிண்ணம் தெரிந்தது.

"எப்பிடி?" என்றான் துணிக்குள்ளிருந்து.

"நல்லாருக்கு."

"உன்னதும் பரவால்லடா."

"சும்மா இரு."

வார்னிஷ் டப்பா குல்ஷேர் அலமாரியில் இருந்தது. இரண்டு கோட் அடித்தால் என் விளக்கும் தளதளவென்று ஆகும். எடுக்கப் போனேன். குல்ஷேர் அலமாரியைப் பூட்டிவிட்டு, சாவியோடு தொழுகைக்குப் போயிருந்தான். பள்ளிவாசலில் அசர் பாங்கு முடிந்து வெகு நேரம் ஆகவில்லை. இருந்த கோட்டிங்கைத் துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஓரளவு மினுங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. கிட்டே வந்தால் தெரியும்.

ஹாலிதா டீச்சர் டாக்ஸியில் வந்து இறங்கினார். துபாயில் ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை. தினமும் இருட்டோடு கிளம்பிப் போகிறவர். கையில் பள்ளிக்கூடப் பை, காதில் போன். சாகிர் பாய் வெளியே வந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். உள்ளே இருட்டானது. சோலையப்பன் சாவியைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டான்.

எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. இடது பக்கத்து வெளிச்சம் ஓரம் வெட்டினாற்போல நின்றது. வலது பக்கத்து வெளிச்சம் கரைந்துபோய், நடுவில் வேர் வேராக நிழல்.

"டீச்சரம்மா, எது நல்லா இருக்கு? சும்மா சொல்லுங்க," என்றார் பாய்.

"இதென்ன பாய், பரீட்சையா?" டீச்சர் சிரித்தார். "லெஃப்ட்தான். சூப்பரா இருக்கே. ரைட்டுக்கு என்னாச்சு? நேத்து வரைக்கும் அதுதான் நல்லா இருந்துச்சு."

பாய் என்னைப் பார்த்தார். நான் டீச்சரைப் பார்த்தேன்.

"டீச்சர், அந்த லெஃப்ட் ஆவியில பண்ணது," என்றேன். "இன்னும் கொஞ்ச மாசத்துல அதுவும் உள்ளுக்குள்ள இப்பிடி வெடிக்கும். ரைட்டுல இருக்கிற வெடிப்பு போன வருஷ ஆவியால வந்தது. இங்க வந்து பாருங்க."

"சேது," என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

டீச்சர் குனிந்து என் விளக்கைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"எத்தனை மாசம் தாங்கும்?"

"ஆறு மாசம் தாங்கலாம்."

"போதுமே. பாஸிங் முடிஞ்சதும் வண்டியை விக்கப்போறேன். வாங்குறவன் பாத்துக்கட்டும்." பாய் பக்கம் திரும்பினார். "ரைட்டையும் அந்த அண்ணனையே பண்ணச் சொல்லுங்க. போன வருஷமும் அவர்தானே பண்ணினார்? நல்லா இருந்துச்சு."

குல்ஷேர் தொழுதுவிட்டு வந்து அலமாரியைத் திறந்தான். சோலையப்பன் வார்னிஷை எடுத்து என் விளக்கின் மேல் அடித்தான். நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, அதை மாற்றக்கூட இல்லை. இரண்டு கோட். நான் முழு நாள் தேய்த்தது அவனுக்கு உதவியாக இருந்தது, வார்னிஷ் நன்றாகப் பிடித்தது. வெடிப்பெல்லாம் அதற்குள் மூழ்கிப் போனது. டீச்சர் நன்றி சொன்னார், என்னையும் பார்த்துத்தான். வண்டி போன பிறகு பாய் என் தோளில் கை வைத்தார்.

"உனக்கு நல்ல கை இருக்கு தம்பி. ஊருல ஒரு கடை போடு."

"அங்க லைட்டு மஞ்சளாகாது பாய்."

"எல்லாம் ஆகும், ஆகும்," என்றார். வேறு எதுவோ கேட்டவருக்குப் பதில் சொல்வது போல.

அன்று அறையில் சோலையப்பன் மேல் கட்டிலிலிருந்து ஒரு ஆரஞ்சை நீட்டினான். நான் வாங்கவில்லை. அவனே உரித்துத் தின்றான்.

"ஊருக்குப் போயி எங்க வீட்டுல ஒரு எட்டுப் பாத்துட்டு வா வாச்மேன்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

வெள்ளிக்கிழமை கனகா வழக்கம் போல அவள் வேலை பார்க்கும் வில்லாவுக்குப் பின் தெருவில் இருக்கும் மலையாளியின் மளிகைக் கடைக்கு, பகாலாவுக்கு, வந்தாள். கறுப்பு அபாயா, கையில் பால் டப்பா வாங்கிவரச் சொன்ன சீட்டு. இரண்டு டப்பா லபன் மோர் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் கட்டி முடிக்காத வீட்டின் நிழலில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவள் லபனைக் குடித்து முடித்தாள்.

"ஏங்க, நீங்களா எடுத்தீங்க அந்த லைட்ட?"

"நான்தான்."

"காய் வாங்குறப்பவும் இப்பிடித்தான். மினுமினுன்னு இருக்கிற கத்திரிக்காயாப் பொறுக்கிட்டு வருவீங்க. வெட்டுனா புழு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"எப்பப் போவணும்?"

"அடுத்த வாரம். பாய் டிக்கெட் போடுறாரு."

"வேற எங்கயும் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஓடிப்போற ஆளுன்னு சொல்றாங்க."

ஒரு பூனை வந்து காலி டப்பாவை முகர்ந்துவிட்டுப் போனது. சாலையில் ஒரு தண்ணீர் லாரி போனது. நான் நாலு நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நீயும் கேன்சல் போட்டுட்டு வந்துரு கனகா. சேந்தே போவோம்."

"பாஸ்போர்ட்டு மேடத்துக்கிட்ட இருக்கு."

"கேட்டாக் குடுப்பாங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லு."

அவள் சீட்டை நான்காக மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"கேட்டாக் குடுப்பாங்கதான்," என்றாள்.

"அப்புறம் என்ன?"

"நான் வரலங்க."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அழவில்லை. கோபமும் இல்லை.

"அங்க வந்து என்ன பண்ண? உங்க அம்மா முன்னாடி போயி உக்காரவா? விசேஷம் உண்டா விசேஷம் உண்டான்னு தெருவே கேக்கும். இங்க எனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. சின்னதுதான். உள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க ஜெபல் அலியில இருந்தப்ப நான் இருக்கலையா? இருந்தேன்ல?"

"உன்னப் பாக்கத்தான் நான் அந்த வேலைய விட்டு வந்தேன்."

"தெரியும். நான் விடச் சொன்னனா?"

சோலையப்பனும் இப்படித்தான் கேட்டான்.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

"கோவப்படுங்க. அப்பத்தான் நல்லாருக்கும்."

"கோவமா இருந்தா நீ வந்துருவியா?"

அவள் எழுந்து அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பால் வாங்க வேண்டும் என்றாள். பகாலாவுக்குள் போனோம். பால், ரொட்டி, மேடத்தின் பிள்ளைக்கு ஏதோ சிப்ஸ். எனக்கும் ஒரு சோப்பு வாங்கிக் கொடுத்தாள், அவள் எப்போதும் வாங்குகிற சோப்பு. பையை நான் தூக்கிக்கொண்டு வில்லாவரை நடந்தேன். எப்போதும் முனையிலேயே நின்றுவிடுவேன். அன்று கேட் வரை போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேட்டின் சின்னக் கதவை அவளோடு வேலை பார்க்கும் எத்தியோப்பியப் பெண் ஒருத்தி திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனகா என் கையிலிருந்து பையை வாங்கினாள்.

"ஏறுனதும் போன் பண்ணுங்க," என்றாள். "இறங்குனதும் பண்ணுங்க."

"பண்றேன்."

குனிந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு சாவி ஒரு முறை திரும்பியது.